சாங்கிச் சிறுமியர் தைத்த போர்வை

இலண்டன் மாநகரின் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் பீரங்கிகளும் வானூர்திகளும் படைத்தலைவர்களின் உடைகளும் காக்கப்படுகின்றன. அவற்றோடு ஒட்டுப்போர்வை ஒன்றும் காக்கப்படுகின்றது. பழைய உடைகளிலிருந்து வெட்டிய சிறுசிறு அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாக இணைத்துக் கையால் தைத்த போர்வை அது. அதனைத் தைத்தவர்கள் எட்டு முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ 20 சிறுமியர். தைத்த இடம் சிங்கப்பூரின் சாங்கிச் சிறைச்சாலை.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், யூரேசியர் எனப் பல இனத்துக் குடிமக்கள் கைது செய்யப்பட்டனர். ஆடவர் ஒருபுறம் நிறுத்தப்பட, பெண்களும் குழந்தைகளும் முதலில் காத்தோங் வட்டாரத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் மார்ச்சுத் தொடக்கத்தில் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். மூட்டை முடிச்சுகளுடனும் கைக்குழந்தைகளுடனும் கொளுத்தும் வெயிலில் பல கல் தொலைவு அவர்கள் நடந்தனர். 1936இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறை ஏறத்தாழ 600 கைதிகளுக்கென அமைந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான குடிமக்கள் அடைக்கப்பட்டனர். ஒருவர் படுக்கவேண்டிய அறையில் மூவர் படுத்தனர். கணவன் ஒரு சுவருக்கு அப்பால், மனைவி இப்பால். போர்க்கைதிகளான படைவீரர்களோ சிறைக்கு வெளியே செலராங், ராபர்ட்சு பாசறைகளில் இருந்தனர். அவர்களுள் யார் உயிரோடிருக்கிறார், யார் மாண்டார் என்பதை அறியப் பெண்களுக்கு வழியில்லை. கடிதப் போக்குவரத்து மறுக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் எலிசபெத் என்னிசு என்னும் செவிலியரை அறிமுகம் செய்வது தகும். இந்திய மருத்துவப் பணியில் நோய்க்கூற்று வல்லுநராக இருந்த கேப்டன் சாக் என்னிசு என்பாரை அவர் மணந்த நாள் 1942 பிப்ரவரி 11. நகரம் சரணடைய நான்கே நாள்கள் இருந்தன. குண்டுமழைக்கு நடுவே நடந்த திருமணம் அது. அதன்பின் கணவர் போர்க்கைதியானார். மனைவி சாங்கிச் சிறைக்குள் அடைபட்டார். சிறைக்குள் வேலையும் கல்வியுமின்றி ஏங்கித் திரிந்த சிறுமியரைக் கண்ட அவர் சாரணியர் அணி ஒன்றைத் தொடங்கினார். சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரந்தோறும் அவர்கள் கூடினர். சீருடை இல்லை, கூடாரம் இல்லை, காடும் மலையும் இல்லை. உறுதிமொழி மட்டும் இருந்தது.

தம் தலைவியின் பிறந்தநாள் வருவதை அறிந்த சிறுமியர் அவருக்குப் பரிசளிக்க எண்ணினர். கடையில்லை, காசுமில்லை, கைவசம் இருந்தவை கந்தலான உடைகளின் ஓரங்களே. அவற்றைக் கொண்டு அவர் அறியாமல் ஒரு போர்வை தைப்பதென முடிவு செய்தனர். ஒருத்தியின் பழைய கவுனிலிருந்து ஒரு துண்டும் மற்றொருத்தியின் தாயார் ஈந்த கிழிசலிலிருந்து ஒரு துண்டுமாகத் துணி சேர்ந்தது. ஊசியும் நூலும் பொன்னினும் அரியவையாக இருந்த காலம் அது. நூலைப் பழந்துணியிலிருந்து உருவியெடுக்க வேண்டியிருந்தது. பசி ஒருபுறம், காவலர் அச்சம் மறுபுறம். இவற்றுக்கிடையே பிறந்தநாள் பரிசை மறைத்துவைக்கும் குழந்தைமைக் குறும்பும் இருந்தது என்பதை மறக்கலாகாது. சிறைவாழ்வை எழுதுவோர் துயரத்தை மட்டுமே எழுதிவிடுகின்றனர், அச்சிறுமியர் சிரித்துமிருப்பர்.

அவர்கள் தேர்ந்த வடிவம் மேலைநாட்டார் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று அழைப்பது. நடுவே ஓர் அறுகோணம், அதைச் சுற்றி ஆறு அறுகோணங்கள், ஆக ஏழு துண்டுகளால் ஒரு பூ. அமெரிக்க மகளிர் இதழ் ஒன்று 1835ஆம் ஆண்டிலேயே அறுகோண ஒட்டுவேலையின் மாதிரியை வெளியிட்டது. 1920களிலும் 1930களிலும் பொருளாதார மந்தம் வாட்டிய வீடுகளில் இவ்வடிவம் பெரிதும் பரவியது. காரணம் எளிது. பெரிய துணியால் மட்டுமே ஆகும் வேலை பல உண்டு. உள்ளங்கையளவு கந்தலாலும் ஆகும் வேலை இதுவே. மேசை வேண்டா, எந்திரம் வேண்டா. மடியில் வைத்தும், மரநிழலில் அமர்ந்தும், ஒருத்தி தைத்ததை மற்றொருத்தி தொடர்ந்தும் முடிக்கலாம். காவலர் வந்தால் ஒரு துண்டைக் கைக்குள் மூடிக்கொள்ளலாம்.

இதன் கணக்கும் சுவையானது. சம அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. மூன்று அறுகோணங்கள் ஒரு புள்ளியில் கூடும்போது 360 பாகை நிறைவெய்தி இடைவெளி சிறிதுமின்றிப் பொருந்திவிடுகின்றன. தேனீ தன் கூட்டில் கையாளும் வடிவமும் இதுவே. ஆனால் சதுரத் துண்டுகளைப் போல நீண்ட நேர்க்கோட்டில் இவற்றைத் தைத்துக்கொண்டே போக இயலாது. ஒவ்வொரு மூலையிலும் திசை மாறவேண்டும். தையல் எந்திரம் தடுமாறும் இடம் அது, கை தடுமாறாது. ஒரு பூவில் நடுத்துண்டுடன் இதழ்களை இணைக்க 6 விளிம்புகள், இதழோடு இதழை இணைக்க 6 விளிம்புகள், ஆக 12 விளிம்புகள் தைக்கப்படவேண்டும். பக்கம் ஓர் அங்குலமாக இருந்து அங்குலத்துக்குப் 16 தையல் இடுவதாகக் கொண்டால் ஒரு பூவுக்கு மட்டும் 192 தையல்கள் ஆகின்றன. பூக்களை ஒன்றோடொன்று சேர்ப்பது இதற்கு மேற்பட்ட வேலை.

இத்தகைய பழம்போர்வையை இன்று மீண்டும் ஆக்குவது எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. மூலம் அருங்காட்சியகத்தில் இருக்கையில் படி எதற்கு? இதற்கு விடையை முதலில் ஒளியே தருகின்றது. பருத்தித் துணியின் சாயத்தை ஒளி அரிக்கின்றது. ஒருமுறை இழந்த நிறம் திரும்புவதில்லை. ஆகவே துணிப்பொருள்களை 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியில், அதுவும் குறைந்த காலத்திற்கே காட்சிக்கு வைப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். எஞ்சிய காலம் அவை இருளில் உறங்கவேண்டும். அதனைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க மாணவனுக்கு வாய்ப்பில்லை. படியையோ தொடலாம், மடிக்கலாம், உள்ளே எப்படித் தைக்கப்பட்டதென்று பிரித்தும் காட்டலாம். பிரிட்டனில் உள்ள 1718ஆம் ஆண்டின் பட்டுப் போர்வை அந்நாட்டு ஒட்டுவேலைப் போர்வைகளுள் ஆண்டு பொறித்தவற்றில் மிகப் பழையது. அதற்கும் இவ்வாறே கையால் ஒரு படி தைக்கப்பட்டதுண்டு.

விடை அதனோடு முடியவில்லை. எழுத்தாவணத்தைப் படிப்பதுபோல் துணியாவணத்தைக் கண்ணால் மட்டும் படித்துவிட முடியாது. கையாலும் படிக்க வேண்டியிருக்கிறது. செய்து பார்க்கும்போதுதான் சில உண்மைகள் புலப்படுகின்றன.

கையால் மீளாக்கம் செய்யப் புகுவோர் முதலில் மூலத்தின் ஒளிப்படங்களை உருப்பெருக்கிக் காண்பர். எத்தனை வகைத் துணிகள், எந்தத் துணி எத்தனை இடங்களில் திரும்ப வருகிறது, எங்கே வேறு நிறம் செருகப்பட்டது எனக் குறித்துக்கொள்வர். ஒரு பூவின் ஐந்து இதழ்கள் ஒரே துணியாகவும் ஆறாவது மட்டும் வேறாகவும் இருந்தால், அங்கே துணி தீர்ந்தது என்று பொருள். அழகுக்காகச் செய்த மாற்றமா, இல்லாமையால் நேர்ந்த மாற்றமா என்பதை அறிய இதுவே வழி. பழந்துணியின் உண்மை நிறத்தை அறிய முகப்பைப் பார்த்துப் பயனில்லை. ஒளி படாத உட்புறத்து மடிப்பில்தான் முதல் நிறம் ஒளிந்திருக்கும். அதனைப் பேணுநர்களே திறந்து பார்க்க இயலும்; மற்றவர் அவர்தம் பதிவுகளையே நம்பியிருக்க வேண்டும்.

அடுத்து அச்சு வெட்டுதல். கனத்த தாளில் அறுகோணங்களை ஒரே அளவாக வெட்டவேண்டும். இவ்வேலையின் உயிர்நிலை இதுவே. தாள் அரை நூல் பிசகினால் பத்தாவது பூவில் அது விரலளவு பிசகாக வளர்ந்து நிற்கும். தாளைத் துணியின் மேல் வைத்துச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டுத் துணியை வெட்டி, அவ்விளிம்பைத் தாளின் பின்புறமாக மடித்து, பெரிய பெரிய தையலாக நூலோட்டித் தற்காலிகமாகப் பிணைக்கவேண்டும். பின் இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, மடித்த விளிம்புகளை மட்டும் நுண்ணிதாகக் கவ்விச் சுற்றித் தைக்கவேண்டும். ஊசி தாளைக் குத்தலாகாது. துணியின் ஓரிரு இழைகளை மட்டும் பற்றவேண்டும். ஆழமாகக் குத்தினால் முகப்பில் தையல் பல்லிளிக்கும். மேலாகக் குத்தினால் இழுக்கும்போது பிரிந்துபோகும். துண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தைத்து முடித்த பிறகே அதன் தாளை உருவவேண்டும். பழைய போர்வைகள் சிலவற்றில் தாள் உருவப்படாமல் உள்ளேயே கிடந்து, கடிதத் துண்டுகளாகவும் கணக்கேட்டுத் துண்டுகளாகவும் வெளிப்பட்டு ஆய்வாளருக்கு விருந்தானதுண்டு.

இவையெல்லாம் நல்ல ஊசியும் நல்ல வெளிச்சமும் வயிற்றில் உணவும் உள்ளவர்களுக்கு. சாங்கிச் சிறுமியரின் போர்வையை மீளாக்குவோர் இங்கேதான் ஒரு முடிவெடுக்க வேண்டும். கடையில் 1930களின் பூவச்சுத் துணியைப் போலவே அச்சிட்ட புதுத்துணி இன்று முழம் முழமாகக் கிடைக்கிறது. அதை வாங்கித் தைத்தால் தோற்றம் ஒத்திருக்கும்; ஆனால் துணி தீர்ந்துபோகும் நெருக்கடியை அது தராது. ஆறாவது இதழுக்கு வேறு துணி தேடும் நிலை ஒருபோதும் நேராது. மாறாக, பழைய சட்டைகள் நான்கையும் தலையணை உறை ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தாண்டுவதில்லை என்று வரையறுத்துக்கொண்டு தொடங்கினால் தோற்றம் சற்று வேறுபடினும் வேலை உண்மைக்கு நெருங்குகிறது. அணிந்து தேய்ந்த துணி வெட்டும்போதே நழுவுகிறது. விளிம்பில் இழை உதிர்கிறது. தையற் பழைய துளைகள் குறுக்கிடுகின்றன. பத்து வயதுச் சிறுமி இத்துணியோடு போராடினாள் என்பது அப்போது விரலுக்குத் தெரியும். உருவியெடுத்த நூலும் அத்தகையதே. ஒருமுறை தையலில் இருந்த நூல் நெளிவு விழுந்து வலிவிழந்திருக்கும். சாணளவுக்கு மேல் எடுத்தால் முடிச்சு விழும் அல்லது அறும். ஆகவே மூலத்தில் தையல் அடிக்கடி முடிந்து மீண்டும் தொடங்கினால் அதைக் கைத்தேர்ச்சிக் குறைவு என்று உடனே தீர்ப்பளித்துவிடக் கூடாது.

புதுத்துணியைத் தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றிப் பழமை காட்டும் வழக்கமும் கைவேலையாளரிடையே உண்டு. அது வேண்டாத வேலை. தேநீரின் துவர்ப்புப் பொருள் நாளடைவில் இழையை அரிக்கும் என்பது ஒருபுறமிருக்க, அப்போர்வை தைக்கப்பட்ட நாளில் பழுப்பாக இருக்கவில்லை. வெயிலிலும் சலவையிலும் வெளுத்த துணியானாலும், சாம்பல்நிறச் சுவர்களுக்கு நடுவே அது வண்ணங்களின் கூட்டமாகவே இருந்திருக்கும். அச்சிறுமியர் கண்ட நிறத்தை மீட்பதா, இன்று அருங்காட்சியகத்தில் நாம் காணும் நிறத்தை ஒற்றுவதா என்றால் முன்னதே மீளாக்கம்.

சிறுமியரின் முயற்சி சிறைக்குள் வீண்போகவில்லை. அதனைக் கண்டே பெரியவர்களும் போர்வைகள் தைக்கும் எண்ணம் கொண்டனர் என்று சொல்லப்படுகிறது. கனடா நாட்டவரான எத்தல் முல்வானி அம்மையார் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். மகளிர்க்கு ஏறத்தாழ ஆறங்குலச் சதுரத் துணி ஒன்று வழங்கப்பட்டது. அதில் தம் பெயரையும் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் பூத்தையலால் பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். அவ்வாறு 66 சதுரங்கள் சேர்ந்தவை ஒரு போர்வையாயின. இவ்வகையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, சப்பானியக் காயப்பட்ட வீரர்களுக்கென மூன்று போர்வைகள் இன்று அறியப்படுகின்றன. பின்புறத்தில் 1942 என்னும் ஆண்டும், போர் முடிந்தபின் அது செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேரவேண்டுமென்ற வேண்டுகோளும் பொறிக்கப்பட்டன. காயமுற்றோர்க்கு அளிக்கும் கொடை என்பது வெளிப்படையான நோக்கம். மருத்துவமனைக்குச் செல்லும் போர்வையில் மனைவியின் பெயரைக் கணவன் காண்பான், காண்பவன் மற்றவனிடம் சொல்வான் என்பது உள்ளுறை. கடிதம் செல்லாத இடத்துக்குத் துணி சென்றது.

பகைவர்க்கும் ஒரு போர்வை தைத்தது ஏன் என்று சிலர் வியப்பர். அவர்களுக்கும் ஒன்று தைத்ததால்தான் மற்ற இரண்டும் தடையின்றி வெளியேற இசைவு கிடைத்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. அப்போர்வையில் பெரும்பாலும் பூக்களும் அமைதியான காட்சிகளுமே உள்ளன. ஏனைய இரண்டிலோ சிறை அறை, கப்பல், தாய்நாட்டுச் சின்னம், நகைச்சுவை, ஏக்கம் அனைத்தும் கலந்துள்ளன. மலாயாவில் பிறந்து பதினேழு வயதில் சிறை புகுந்த சீலா ஆலன் தம் சதுரத்தில் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தையும் அதனுள் ஒரு கங்காருவையும் தைத்தார். ஆஸ்திரேலியா அவர் தந்தையின் நாடு. அதுவரை அவர் கண்ணால் காணாத நாடு. தந்தை முகாமிலேயே இறந்தார். மகள் மட்டுமே 1945இல் அந்நாட்டை அடைந்தார். அவர் சிறையில் எழுதிய நாட்குறிப்பு 1994இல் நூலாக வந்தது. ஆஸ்திரேலியப் போர்வையும் சப்பானியப் போர்வையும் இன்று கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பிலும் உள்ளன.

இவ்வாறு பெயர் பொறித்து வைக்க எல்லார்க்கும் வாய்க்கவில்லை என்பதையும் இவ்விடத்தில் கூறவேண்டும். அதே 1942ஆம் ஆண்டில் தொடங்கிய சயாம்–பர்மா இரயில்பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது அவர்களுள் எண்ணற்றோர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையாகியிருந்தனர். போர்க்கைதிகளுக்குப் படைப்பட்டியல் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. தோட்டத்தில் காத்திருந்த பெண்களின் கையிலும் ஊசியும் கந்தலும் இருந்தன. ஆனால் அவர்கள் தைத்ததைக் காத்துவைக்க எந்த அருங்காட்சியகமும் வரவில்லை. பிள்ளைகளின் குளிருக்குப் போர்த்தித் தேய்ந்து, அடுப்படித் துணியாகி, அழிந்தது. சாங்கிப் போர்வையைப் போற்றும்போதே இவ்வெற்றிடத்தையும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டுதல் நன்று.

சிறையின் நிலை பிற்பாடு மிகவும் கடுமையாயிற்று. 1943 அக்டோபர் 10ஆம் நாள் கெம்பித்தாய் எனப்பட்ட சப்பானியப் படைக்காவலர் சிறைக்குள் புகுந்து வானொலிக் கருவிகளைத் தேடினர். குடிமக்கள் பலர் கொண்டுசெல்லப்பட்டு வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். குழந்தைகளின் ஊட்டக்குறை நோயை உலகுக்கு விளக்கிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு அம்மையாரும் பிடிபட்டவர்களுள் ஒருவர். 1944 மே திங்களில் குடிமக்கள் யாவரும் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். சிறைக்கட்டடம் 2004ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டது. நுழைவாயிலும் மதிலின் ஒரு பகுதியும் காவற்கோபுரங்களும் மட்டும் விடப்பட்டு 2016இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. எலிசபெத்தும் அவர் கணவரும் போரைத் தாண்டி உயிரோடு மீண்டும் கூடினர். கல் மதில் பெரும்பாலும் போய்விட, கந்தற் போர்வை முழுதாக எஞ்சியது.

பள்ளிகளில் இதனை மீளாக்க விழைவோர் முழுப் போர்வையையும் தைக்க முற்படவேண்டியதில்லை. ஏழு மாணவர் ஒரு பூவைத் தைத்தாலே போதும். ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பழந்துணியில் ஒரு துண்டு கொணர்ந்து, ஒரே ஊசியை முறைவைத்துக் கைமாற்றித் தைக்கட்டும். மாணவர் கேட்கும் கேள்விகள் அப்போதுதான் பாடநூலில் இல்லாதவையாக இருக்கும். ஊசி முறிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? நூல் தீர்ந்தபோது யாருடைய உடை பிரிக்கப்பட்டது? காவலர் வந்தபோது துணியை எங்கே மறைத்தார்கள்? பையன்கள் ஊசி பிடிக்கலாமா என்று தயங்கும் பெற்றோர் சிலர் இருப்பர்; தையற்கடைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆடவரே என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

வேலை முடிந்தபின் ஒன்றை மட்டும் தவறாது செய்தல் வேண்டும். படியின் பின்புறத்தில் தைத்தவர் பெயரையும் தைத்த ஆண்டையும், இது படியே மூலமன்று என்பதையும் அழியாத நூலால் பொறித்துவைக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு பெட்டியின் அடியிலிருந்து அது வெளிவரும்போது அதனைக் கையிலெடுப்பவர் ஏமாறாதிருக்க வேறு வழியில்லை.